நார்மல் என்று நீ எழுதிய குப்பி

உறைபெட்டியின் கதவைத் திறந்தால் முதலில் குளிர்தான் வெள்ளைப் புகையாக வெளியே விழும். அது விலகிய பிறகுதான் உள்ளே இருப்பவை கண்ணுக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் அப்படி விலகியபோது, கீழ்த்தட்டின் பின்வரிசையில் உன் குப்பி நின்றிருந்தது. சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கிற இடத்தில் நீ மட்டும் கறுப்பு மையால் தமிழில் எழுதுவாய். "நார்மல்" என்று எழுதியிருந்தது. கீழே ஒரு தேதி. அது எந்த வெள்ளிக்கிழமை என்பதைத் தேதியைப் படிக்காமலே அறிந்தேன்.

ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய மாதிரிகளை அழித்துவிட்டுப் பெட்டியைக் காலியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் குப்பியை எடுத்து, மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில் போட்டிருக்க வேண்டும். எடுத்தேன். கையுறையைத் தாண்டி விரல் மரத்தது. மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஆய்வகத் தலைவரான மேடம் கேட்டபோது, மேல்தட்டின் பனியைச் சுரண்டத் தொடங்கினேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். என் கணவருக்கு அணு ஆராய்ச்சி வளாகத்தில் வேலை கிடைத்ததால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கடற்கரைக்கு வந்தவள் நான். நீ திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் பிறந்து, செங்கல்பட்டில் படித்து, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, அந்த ஆய்வகம் இருந்த கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவள். என் பேச்சைக் கேட்ட முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டாய். "ஏ தஞ்சாவூரு, அந்த பைப்பெட்ட இப்டி குடு." அதற்குப் பிறகு என் சொந்தப் பெயரை உன் வாயால் கேட்ட நினைவே இல்லை.

நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது எப்போதும் உன் பொறுப்பு. நான் தொடங்கினால் கேட்பவர் கொட்டாவி விடுவார். ஒரு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு. அதற்கும் மேலே, பெயின்டில் வெண்மைக்காகச் சேர்க்கிறார்களே, அந்த டைட்டானியம் ஆக்சைடின் மெல்லிய படலம். சினைப்பையில் புற்று வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துவைக்கும் ஆன்டிபாடிகளை அந்தப் படலத்தில் பதித்திருப்போம். சில்லின்மேல் ஊதா வெளிச்சம் விழுந்தால் மிக மெல்லிய மின்னோட்டம் ஒன்று கிளம்பும். ரத்தத்தில் அந்தப் புரதம் இருந்தால் வந்து ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும், மின்னோட்டம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு புரதம். நீ இதை இரண்டே வரியில் முடித்துவிடுவாய். "வெளிச்சம் பட்டா ஓடுவான். மேல ஆளு ஏறிகினா சுணங்குவான். எவ்ளோ சுணங்குறான்னு பாக்கறதுதான் எங்க வேல."

ஒருமுறை நம் கட்டுரை ஒன்று ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் உன் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போனோம். சுற்றுலாக் கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றிவைத்திருந்த மணலில் உட்கார்ந்தோம். மாங்காய்த் துண்டில் மிளகாய்த் தூளை அழுத்திக்கொண்டே நீ சொன்னாய்: "எங்கம்மா ஊசின்னா ஓடும்டி. ஒரு ட்யூபு நெறைய ரத்தம் எடுக்கணும்னா ஆஸ்பத்திரி பக்கமே வராது. ஒரே ஒரு சொட்டு போதும், இங்கயே சுகாதார நிலையத்துல பாத்துடலாம்னு சொல்லு. கைய நீட்டும்." நான் ஏதோ பொதுவாகத் தலையாட்டினேன். நீ யாருக்காக அந்தச் சில்லைச் செய்தாய் என்பதில் உனக்கு ஒரு முகம் இருந்தது. எனக்கு அப்போது அப்படி ஒரு முகம் இல்லை. இப்போது இருக்கிறது.

நம் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்ததே, அதை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நோயாளியின் ரத்தத்தைப் பார்த்துக் கருவி ஏதாவது சொல்ல வேண்டுமானால், நோயில்லாத ரத்தம் எப்படியிருக்கும் என்று அதற்கு முதலில் காட்ட வேண்டும். நோயாளிகளின் மாதிரி மருத்துவமனையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். நோயில்லாத ரத்தத்துக்கு நாம் எங்கேயும் போகவில்லை. முறைப்படி அனுமதி வாங்கி, கையெழுத்துப் போட்டு, நாமே கொடுத்தோம். ஆனால் ஒருவர் நோயில்லாதவர் என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே சான்று, அவர் அன்று வேலைக்கு வந்திருக்கிறார் என்பதுதான்.

ரத்தம் கொடுத்தவர் கேட்டதை மற்றவர்கள் கேன்டீனில் வாங்கித்தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். மிளகாய் பஜ்ஜிக்காகவே நீ கை நீட்டுவாய். "எங்கப்பனும் ஆத்தாளும் ஊரான் கழனில நாத்து நட்டு ஏத்துன ரத்தம்டி இது. கலப்படமே கெடையாது. இத்த வெச்சு அளந்தா மெஷினு தப்பே பண்ணாது," என்பாய். பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் உன் ரத்தம்தான் நம் கருவிக்குப் பூஜ்யம். மற்ற எல்லோருடைய நோயும் உன்னிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றுதான் அளக்கப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. உன் ரத்தத்தைச் சுழலவிட்டு, மேலே பிரிந்த தெளிநீரில் ஒரு சொட்டைச் சில்லில் விட்டோம். ஊதா விளக்கைப் போட்டதும் திரையில் எழுந்த மின்னோட்டக் கோடு பாதி உயரத்தில் நின்றுவிட்டது.

"இன்னாடி இது, பாதில குந்திகினு கீது?"

"சில்லு சரியில்லையோ?" என்றேன்.

"சில்லு செத்துப்போச்சு. பூச்சு திட்டுத் திட்டா கீதுன்னு நேத்தே சொன்னேன், காதுல வாங்கனியா நீ?"

அதே தொகுப்பில் இன்னொரு சில்லை எடுத்தோம். அதிலும் அப்படியே. விளக்கைக் கழற்றித் துடைத்தோம். கம்பிகளை அசைத்துப் பார்த்தோம். கோடு எழவில்லை. அலுத்துப்போய் விளையாட்டாகத்தான் சொன்னேன்: "ஒருவேளை நீதான் நார்மல் இல்லியோ என்னமோ."

"அத்த எங்க வூட்டுக்காரர கேளு. கட்டிகினு வந்ததுலர்ந்து அதத்தான் சொல்லிகினு கீறாரு."

நாம் சிரித்தோம். மிச்சமிருந்த தெளிநீரை நீ குப்பியில் ஊற்றி, நார்மல் என்று எழுதி, உறைபெட்டியில் வைத்தாய். பஜ்ஜி தின்னப் போனோம்.

திங்கட்கிழமை புதிதாகப் பூச்சிட்ட சில்லுகள் வந்தன. ஊசி குத்திய இடம் உனக்குக் கன்றியிருந்ததால் அன்று என் கையில் ரத்தம் எடுத்தாய். விளக்கைப் போட்டோம், கோடு நிமிர்ந்து முழு உயரத்துக்கு எழுந்தது. "பாத்தியா, சில்லுதான்," என்றாய். நானும் சில்லுதான் என்றேன். கோளாறு எதில் என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்பது நம் வேலையின் முதல் பாடம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நாம் சொல்லிக்கொடுப்பது அது. அன்று சில்லையும் மாற்றியிருந்தோம், ரத்தத்தையும் மாற்றியிருந்தோம். நம் இருவருக்குமே அது உறைக்கவில்லை. ரத்தம் நம் கண்ணில் மாறக்கூடிய ஒன்றாகவே படவில்லை. அது நார்மல். நார்மலை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த கோடையில் உன் வயிறு உப்பத் தொடங்கியது. கேஸ் என்றாய். சுடிதாரின் நாடா முடிச்சைத் தளர்த்திக்கொண்டே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பாய். பிறகு ஸ்கேன். பிறகு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைத் தாள். நம் சில்லு தேடிய அதே புரதத்தின் பெயர் அதில் இருந்தது, எதிரே எண் இருந்தது. எண்ணைப் படித்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை உனக்கு நினைவுக்கு வந்ததா? எனக்கு வந்தது. கேட்டால் நினைவூட்டியதாகிவிடும் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் எல்லாவற்றையும் பேசினோம், அதைத் தவிர.

நீ போன பிறகு அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. அன்று கோடு இறங்கியது சில்லின் குறையாலா, உன் ரத்தத்தாலா? கருவி ஒழுங்காக உண்மையைச் சொல்ல, நாம்தான் கருவியைத் திட்டினோமா? இல்லை, வெறும் பூச்சுக் கோளாறை நான் ஒரு சகுனமாக்கிக்கொண்டு திரிகிறேனா? சில நாள் ஒன்றை நம்புவேன், சில நாள் மற்றதை. விடை உறைபெட்டியில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் இத்தனை நாள் அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கவில்லை. பழைய சில்லுகளை நம்ப முடியாது என்று சொல்லிக்கொண்டேன். இப்போது நம்பக்கூடிய சில்லுகள் வந்துவிட்டன. சாக்கு தீர்ந்துவிட்டது.

அந்தக் குப்பியைச் சோதிக்கலாமா என்று கேட்டபோது மேடம் சொன்னார். "வேலைக்காகக் குடுத்த மாதிரி. வேலைக்குப் பயன்படுத்தலாம். ஆனா நீ வேலைக்காகவா கேக்கற? அவங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் வீட்டுக்காரர் சர்ச்சிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பின்பக்கக் குழாயடியில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ போன பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு அவரிடமிருந்து போன் வரும். "நல்லா கீறீங்களா சிஸ்டர்" என்று கேட்டு வைத்துவிடுவார். நானாகத் தேடி வந்ததில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"குந்துங்க சிஸ்டர். சாப்ட்டுதான் போவணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பாதி உயரத்தில் நின்ற கோடு, இரண்டு சில்லுகள், திங்கட்கிழமை, என் கை. அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார். செதில்கள் அவர் மணிக்கட்டில் ஒட்டியிருந்தன.

"அப்போ மெஷினுக்கு அன்னிக்கே தெரிஞ்சிக்கீதுன்றீங்க."

"தெரிஞ்சிருக்கலாம் அண்ணா. தெரியாமலும் இருந்திருக்கலாம். அதைத்தான் இப்ப பாக்க முடியும்."

"பாத்து?"

அவர் மீனைத் திருப்பிப்போட்டார்.

"நான் அவளுக்கு கேஸு டானிக் வாங்கியாந்து குடுத்துகினு இருந்தேன் சிஸ்டர். ஷிப்டுக்கு கெளம்பறப்போ, இன்னாடி வயிறு இப்டி கீது, போய் டாக்டராண்ட காட்டுன்னு சொல்லுவேன். சொல்லிட்டு வண்டிய எடுத்துகினு போயிடுவேன். ஒரு நாளு லீவு போட்டு கூட்டிகினு போவல. எனக்கு அதான் உறுத்துது. வேற எதுவும் இல்ல." பிறகு குழாயை மூடினார். "ஒண்ணு சொல்றேன். அவ ரத்தம் குடுத்தது மெஷினு சரியா கீதான்னு பாக்க. அவ சரியா கீறாளான்னு பாக்கறதுக்கு இல்ல. மெஷினுக்குன்னு குடுத்தத மெஷினுக்கே ஊத்துங்க. நம்பர மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

சரி என்றேன். மீன் குழம்பில் புளி கூடிவிட்டது. இருவரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

இந்தமுறை ஒன்றை மட்டுமே மாற்றினேன். முதலில் என் ரத்தத்தை மருத்துவமனையில் கொடுத்து, அந்தப் புரதம் எனக்கு ஏறவில்லை என்று எழுதி வாங்கினேன். இப்போதெல்லாம் நம் ஆய்வகத்தில் யாரையும் அப்படிப் பார்க்காமல் நார்மல் என்று சேர்ப்பதில்லை. ஒரே தொகுப்புச் சில்லு, ஒரே விளக்கு. முதலில் என்னுடையது. கோடு எழுந்தது. பிறகு உன் குப்பியை ஐஸில் வைத்துக் கரையவிட்டு, ஒரு சொட்டு. விளக்கின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லக்கூடத் தயக்கமாக இருக்கிறது.

கோடு முழு உயரத்துக்கு எழுந்தது. என்னுடையதற்குப் பக்கத்திலேயே, தோளோடு தோளாக. இன்னொரு சில்லிலும் அப்படியே. மிச்சத்தை மருத்துவமனைப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். அங்கேயும் அதே. நீ எழுதியிருந்தது சரி. அன்று செத்துப்போயிருந்தது சில்லுதான்.

நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இதை உன்னிடம் சொல்லலாம், வேறு யாரிடமும் முடியாது: கோடு இறங்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் எங்கேயோ விரும்பியிருக்கிறேன். இறங்கியிருந்தால் கருவிக்கு உன்னைத் தெரிந்திருந்தது என்று ஆகும். நாம் தவறவிட்டோம் என்று ஆகும். தவறவிட்டதற்கு அழலாம். அடுத்தவரைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். இப்போது தவறவிட அங்கே எதுவும் இருக்கவில்லை. அன்று நம் கருவி குறையே இல்லாமல் வேலை செய்திருந்தாலும் உன்னைப் பார்த்து நார்மல் என்றுதான் சொல்லியிருக்கும். அப்படியானால் இத்தனை வருடம் நாம் செய்தது என்ன?

அதிலும் ஒரு சிக்கல். இந்தப் புரதம் நம்பக்கூடிய சாட்சி இல்லை. நோய் சின்னதாக இருக்கும்போது பலருக்கு அது ஏறுவதே இல்லை. நோயே இல்லாமல், மாதவிலக்கின்போது சிலருக்கு ஏறிவிடும். போதாததற்கு, இடையில் வந்த புயலில் ஜெனரேட்டரும் நின்று, உறைபெட்டியில் இருந்ததெல்லாம் கரைந்து மறுபடி உறைந்தது. அதில் உன் தெளிநீரில் என்ன சிதைந்தது, என்ன தங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆக, அன்று நீ நலமாக இருந்தாய் என்பது உண்மையாக இருக்கலாம். நோய் உள்ளே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். கரைந்து கெட்ட ரத்தம் எனக்குப் பொய் சொன்னது என்பதும்தான். ஒரு கேள்வியைத் தீர்க்கப் போய் மூன்றோடு திரும்பினேன்.

உன் வீட்டுக்காரருக்கு நான் வாக்குத் தவறவில்லை. எண்ணைச் சொல்லவில்லை. அந்த மாதம் அவரிடமிருந்து போன் வரவில்லை. ஒருநாள் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பினார். அங்கேயே நின்று யோசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நல்ல செய்தியாக இருந்தால் சொல்லாமல் இருப்பேனா என்று அவர் நினைத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையே அவர் எண்ணாக வாசித்துவிட்டார். அந்த எண்ணோடும் கேஸ் டானிக்கோடும் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் நெம்மேலிக்குப் போனேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவருக்கு ஷிப்ட் முடிகிற நேரம். வெளியே சாலையோர டீக்கடையில் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் நடை மெதுவாகியது. வராமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். வந்தார்.

"அண்ணா, சொல்லாதீங்கன்னு சொன்னீங்க. நான் சொல்லப்போறேன்."

"வேணாம் சிஸ்டர்."

"நார்மல்."

அவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் சவுக்குத்தோப்பில் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"இன்னா சொன்னீங்க?"

"நார்மல்தான் அண்ணா. ரெண்டு எடத்துல பாத்தாச்சு. அன்னிக்கு மெஷின்லதான் கோளாறு."

"அப்போ அன்னிக்கி அவளுக்கு ஒண்ணும் இல்ல."

அது கேள்வியா, முடிவா என்று குரலில் பிரித்தறிய முடியவில்லை. நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வதற்கு எனக்கு இடமிருந்தது. அந்தப் புரதம் சொல்லாததால் நோய் இல்லை என்றாகாது. குப்பி ஒருமுறை கரைந்த குப்பி. மாணவர்கள் இப்படி அவசரப்பட்டு ஒரு முடிவுக்குத் தாவினால் நீயும் நானும் விடவே மாட்டோம். "ஒண்ணும் இல்லன்னு மெஷினு சொல்லல, எனக்குத் தெரியலன்னு சொல்லுது" என்று நீ அவர்களிடம் சொல்வாயே, அது வாய்வரை வந்தது.

"ஆமா அண்ணா," என்றேன். "அன்னிக்கு ஒண்ணும் இல்ல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். "நல்லாத்தான் கீறேன், சும்மா பேஜார் பண்ணாதன்னு சொல்லிகினே இருந்தா. சொன்னப்போ நல்லாத்தான் இருந்துக்கீறா," என்றார். உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, கடைக்காரரிடம் திரும்பினார். "அண்ணாத்த, சிஸ்டருக்கு ஒரு டீ போடு. சக்கர கம்மியா." இவ்வளவு நாளில் அவர் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

டீயைக் குடித்தோம். அவர் மேற்பார்வையாளரைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்தேன். நீ இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாய், எதற்கு என்றுதான் தெரியவில்லை. பொய் சொன்னதற்கா, இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கா? அது பொய்தானா என்பதே எனக்கு நிச்சயமில்லை. நூற்றில் எத்தனை பங்கு உண்மை என்று நம்மால் எழுத முடியாத ஒன்றை முழு உண்மையாகக் கொடுத்துவிட்டேன். வேலை மேசையில் அப்படிச் செய்தால் தவறு. டீக்கடைப் பெஞ்சில் என்ன பெயர் அதற்கு?

இப்போது அவர் மறுபடி போன் செய்கிறார். நல்லா கீறீங்களா என்று கேட்கிறார், நல்லா இருக்கேன் என்கிறேன். அவர் கையில் இருப்பது ஒரு விடை. அதில் ஒட்டிக்கொண்டிருந்த 'ஒருவேளை'யை மட்டும் உரித்தெடுத்து நான் வைத்துக்கொண்டேன். அதை அவர் ஒருநாள் கேட்கக்கூடும். அதுவரை அது என்னிடம் இருக்கட்டும்.